கல்வி வள்ளல் அழகப்பர்

செல்வம் ஈட்டுவோர் பலர். ஈட்டிய செல்வத்தைப் பிறர் பயன்பெறக் கொடுப்போர் சிலர். கொடுத்த பொருள் தலைமுறை தலைமுறையாகப் பயன் விளைக்குமாறு இடமறிந்து கொடுப்போர் மிகச் சிலர். அம் மிகச் சிலருள் ஒருவர் கோட்டையூர் தந்த இராம. அழகப்பச் செட்டியார் ஆவார்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அண்ணல் அம்பேத்கரைப் பற்றி எழுதலாம். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றி எழுதலாம். பரங்கிமலை தந்த எம். சி. இராசா அவர்களைப் பற்றி எழுதலாம். அவ்வாறிருக்க, செட்டிநாட்டு வணிகர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடை என் இளமையில் இருக்கிறது.

நான் பி.ஏ. படித்தவன். வரலாறு விரும்பிப் படித்த பாடமன்று. வந்து வாய்த்த பாடம். பத்தாம் வகுப்புத் தேறியபோது என் மனமெல்லாம் வேதியியலில் இருந்தது. நான் சேரச் சென்ற பள்ளியில் அறிவியல் பிரிவு இருந்தது; ஆய்வுக்கூடம் என்று எழுதப்பட்ட அறையும் இருந்தது; அவ்வறைக்குப் பூட்டும் இருந்தது. அறிவியல் கடினமானது, தேறாமற்போனால் காலம் வீணாகும், உன் போன்றோர்க்கு வரலாற்றுப் பிரிவே ஏற்றது என்று அன்பு கலந்த குரலிலேயே அறிவுரை கூறி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அன்பாகச் சொன்ன காரணத்தால் எதிர்த்துப் பேசவும் எனக்கு வழி தோன்றவில்லை. பூட்டிய அந்த அறை இன்றும் என் கனவில் வருவதுண்டு. அத்தகைய அறைகளைத் திறப்பதற்கென்றே தம் பெரும்பொருளைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றைப் பிற்காலத்தில் படித்தபோது, இதனை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று உறுதி கொண்டேன்.

பிறப்பும் கல்வியும்

இன்று சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே அமைந்துள்ள கோட்டையூரில், 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக அழகப்பர் பிறந்தார். நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பங்களில் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் அறிந்தவுடன் கடைப்பொறுப்பை ஏற்பதே அக்கால வழக்கம். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பரவிக் கிடந்த வணிகத்துக்கு அவ்வளவு படிப்புப் போதும் என்று பெரியோர் கருதினர். அழகப்பரோ அவ்வழியிற் செல்லாமல் காரைக்குடியில் பள்ளிக் கல்வியை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

பின்னர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டத்துக்குப் பயின்றார். அங்கே வங்கியொன்றில் பயிற்சி பெற்றார்; விமானம் ஓட்டவும் கற்றுச் சான்றிதழ் பெற்றார். நூற்கல்வி, தொழிற்பயிற்சி, இயந்திர அறிவு ஆகிய மூன்றையும் இளமையிலேயே சுவைத்தவர் அவர். பிற்காலத்தில் அவர் கலைக் கல்லூரியோடு நிறைவு கொள்ளாமல் பொறியியலையும் தொழில்நுட்பத்தையும் நாடியதற்கு இதுவே வித்திட்டிருக்கும் என்பது என் கருத்து.

வணிகப் பெருவாழ்வு

தாயகம் திரும்பிய அழகப்பர் வழக்கறிஞர் தொழிலில் நிலைத்து நிற்கவில்லை. 1937ஆம் ஆண்டில் கேரளத்துத் திருச்சூரை அடுத்த புதுக்காட்டில் நூற்பு ஆலையொன்றைத் தொடங்கினார். அவ்வாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. நெசவு, இரப்பர்த் தோட்டம், காப்பீடு, விமானப் போக்குவரத்து எனப் பல துறைகளில் அவர் முதலீடு செய்தார். நாற்பது வயதை எட்டுமுன்பே நாட்டின் பெரும் தொழிலதிபர்களுள் ஒருவராக எண்ணப்பட்டார். ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை, நாடு விடுதலை பெற்றதும் துறந்தார்.

இவ்வளவும் செல்வர் பலருக்கு வாய்த்திருக்கக்கூடிய வாழ்வே. அழகப்பரை நாம் நினைவுகூர்வது இதற்காக அன்று.

கிண்டியில் எழுந்த கல்லூரி

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம் அது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய இரசாயனப் பொருள்களும் இயந்திர உறுப்புகளும் தட்டுப்பட்டன. பொருளைச் செய்யத் தொழிற்சாலை மட்டும் போதாது, செய்யத் தெரிந்த மனிதரும் வேண்டும் என்பதை அப்போது நாடு உணர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் இருந்தார். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றை நிறுவ அழகப்பர் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கினார். 1944ஆம் ஆண்டில் கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. 1978 முதல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்குகிறது.

அக்கல்லூரியில் வளர்ந்த துறைகளை நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும்: வேதிப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம். நெசவும் தோலும் நாட்டின் பழந்தொழில்கள். அவற்றுள் தோல் தொழிலுக்கு இச்சமூகம் இட்ட பெயர் இழிதொழில். நம் மாவட்டத்துப் பல்லாவரத்திலும், குரோம் லெதர் நிறுவனத்தால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலும் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கித் தோலை ஊறவைத்தும் மயிர் நீக்கியும் உழைத்த கைகள் யாருடைய கைகள் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆவாரம்பட்டையாலும் குரோமிய உப்பாலும் தோல் கெடாது நிலைபெறுவது ஓர் அரிய வேதிவினை. அவ்வினையைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்தவர்களுக்குக் கிடைத்தது தீட்டு என்னும் பட்டம். அதையே நூலால் அறிந்தவர்களுக்குக் கிடைத்தது பல்கலைக்கழகப் பட்டம். இந்த அநீதியை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கும். ஆயினும் ஒரு தொழில் அறிவியலாக உயர்ந்து வகுப்பறைக்குள் புகும்போது, அதன்மேல் ஏற்றப்பட்ட இழிவு கழன்று விழத் தொடங்குகிறது என்பதும் உண்மையே.

என் மாணவன் ஒருவனின் பாட்டனார் பல்லாவரத்துத் தோல் கூடமொன்றில் வாழ்நாள் முழுதும் உழைத்தவர். பொறியியல் கலந்தாய்வின்போது அம்மாணவனுக்குத் தோல் தொழில்நுட்பத்தில் இடம் கிடைக்கும் நிலை ஏற்பட்டது. தந்தையார் இசையவில்லை. மூன்று தலைமுறை பட்டது போதாதா, மீண்டும் தோலா என்று கண்ணீர் விட்டார். அவருடைய சினத்தில் நியாயம் இருந்தது. நான் அவர்தம் இல்லத்துக்கு இருமுறை சென்றேன். முதல்முறை ஒன்றும் பேச இயலாது திரும்பினேன். மறுமுறை, தொட்டிக்குள் இறங்குவது வேறு, தொட்டி நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து அளந்து, இதில் மனிதன் இறங்கலாகாது என்று கையொப்பமிடுவது வேறு என்று எடுத்துரைத்தேன். நெடுநேரம் கழித்து அவர் தலையசைத்தார். அம்மாணவர் இன்று கழிவுநீரில் குரோமியத்தின் அளவை ஆராயும் சோதனைக் கூடமொன்றில் பணிபுரிகிறார்.

காரைக்குடியில் ஒரு புரட்சி

1947ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சென்னையில் நடைபெற்ற அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், செல்வர்கள் நகரங்களை விட்டு ஊர்ப்புறங்களிலும் கல்லூரிகள் நிறுவ முன்வர வேண்டும் என்று இலட்சுமணசாமி முதலியார் வேண்டுகோள் விடுத்தார். அவ்விடத்திலேயே அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்களித்தார். அடுத்த மாதம் 11ஆம் நாளே கல்லூரி தொடங்கப்பெற்றது. புதுக் கட்டடம் எழும்வரை அவர் காத்திருக்கவில்லை. காந்தி மாளிகையில் வகுப்புகள் நடந்தன. குழு அமைத்து, அறிக்கை பெற்று, ஆண்டுகள் கழிந்தபின் அடிக்கல் நாட்டும் வழக்கத்தைக் கண்டு பழகிய நமக்கு இவ்விரைவு வியப்பைத் தருகிறது.

விடுதலை பெற்ற நாட்டில் தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவும் திட்டம் உருவானது. மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவர விரும்பிய அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளிக்க முன்வந்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளை ஒட்டி, அந்நாள் குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தார்.

மின்சாரமும் வேதிவினையும் கூடி நிகழும் செயல்களை ஆராய்வது மின்வேதியியல். ஒரு உலோகத்தின்மேல் மற்றொன்றை முலாம் பூசுவதும், உப்பு நீரிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பதும், மின்கலத்தில் ஆற்றலைச் சேமிப்பதும், இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பதும் அதன் பகுதிகள். கோவளம் முதல் கல்பாக்கம் வரை நம் கடற்கரையில் வாழ்வோர்க்குத் துருவைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா? உப்புக் காற்றில் சன்னல் கம்பி சில ஆண்டுகளில் இற்றுப் போவதை நாம் காண்கிறோம். நாம் கண்டு பெருமூச்சு விடுவதை ஆராய்வதற்கென்று ஒரு கூடம் இருக்கிறது. அங்கே நம் பிள்ளையும் வெள்ளை மேலங்கி அணிந்து நிற்கலாம் என்னும் எண்ணம் நம் ஊர்களில் இன்னும் வேரூன்றவில்லை.

அதன்பின் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்தொழிற் பயிலகம், பெண்கள் கல்வி நிலையம் எனக் காரைக்குடியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் எழுந்தன. பொறியியல் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1952. பெண் கல்விக்கு இடம் தேவைப்பட்டபோது தாம் குடியிருந்த மாளிகையையே அழகப்பர் கொடுத்துவிட்டார். மிச்சத்தைக் கொடுப்பது ஈகை என்றால், குடியிருக்கும் கூரையைக் கொடுப்பதற்கு என்ன பெயர் சூட்டுவது?

நோயும் நெஞ்சுரமும்

இத்துணைப் பணிகளையும் அவர் நல்லுடம்போடு செய்தாரல்லர். தொழுநோய் அவரை வருத்தியது. அக்காலத்தில் அந்நோய் கண்டவரை ஊர் எவ்வாறு நடத்தியது என்பதைச் செங்கற்பட்டு மக்கள் நன்கு அறிவர். இங்குள்ள திருமணியில் இலேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955ஆம் ஆண்டில் நடுவணரசு அதனை ஏற்று மையத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. நோயாளி நடந்த தெருவில் நடவாமலும், தொட்ட பாத்திரத்தைத் தொடாமலும் மக்கள் விலகி ஓடிய காலம் ஒன்று இருந்தது. ஒதுக்கப்படுவதன் வலியை நாம் பிறப்பினால் அறிந்தோம். பெருஞ்செல்வரான அழகப்பர் நோயினால் அறிந்திருப்பார். இரண்டும் ஒன்றே என்று நான் கூறேன். ஆனால் தொழுநோயின் கொடுமையைத் தணித்தது எது? ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட மருந்துகளே. 1980களில் பன்மருந்துச் சிகிச்சை பரவிய பின்னர் அது பிற நோய்களைப் போல முற்றிலும் குணமாகும் நோயாயிற்று. அறிவியல் உடலை மட்டும் குணப்படுத்தவில்லை. ஊரின் அச்சத்தையும் பெருமளவு போக்கியது.

1956இல் நடுவணரசு அழகப்பருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டாவது ஆண்டு நிறைவுக்கு ஒருநாள் முன்னதாக, அவர் இயற்கை எய்தினார். அவர் மறைந்து 28 ஆண்டுகள் கழிந்து, 1985இல், அவர் இட்ட அடித்தளத்தின்மேல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.

கட்டடம் மட்டும் போதுமா?

இவ்வளவு புகழ்ந்துரைத்தபின் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அழகப்பர் கட்டிய வாயில்கள் பெரியவை. ஆனால் வாயில் திறந்திருப்பதால் மட்டும் சேரிப் பிள்ளை உள்ளே நுழைந்துவிட முடியாது. கட்டணம் வேண்டும், தங்க இடம் வேண்டும், அதுவரை குடும்பம் பசியாறவும் வேண்டும்.

கிண்டிக் கல்லூரி தோன்றிய அதே 1944ஆம் ஆண்டில்தான் பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மேற்கல்வி உதவித்தொகைத் திட்டமும் நடுவணரசால் தொடங்கப்பெற்றது. அப்போது வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். தம் மக்கள் அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி பெறுவதற்கு அரசு பொருள் ஒதுக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். ஒரே ஆண்டில் வணிகரின் பொருள் ஆய்வுக்கூடத்தைக் கட்டியது. நம் தலைவரின் போராட்டம் அக்கூடத்துக்குச் செல்லும் வழியை அமைத்தது. இரண்டு கைகளும் சேர்ந்தால்தான் ஓசை எழும். பின்னர் இடஒதுக்கீடு அவ்வழியை அகலமாக்கியது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் தமிழக அரசு 7.5 விழுக்காடு முன்னுரிமை இடமும் அளித்து, அவர்தம் கட்டணத்தையும் ஏற்றுள்ளது.

நம் மாவட்டத்தின் நிலை

இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைப் பாருங்கள். மறைமலை நகரிலும் சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றியும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. சிறுசேரியில் கணினி நிறுவனங்கள் எழுந்துள்ளன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1983 முதல் அணுமின் உற்பத்தி நடைபெறுகிறது. வடக்கே நெம்மேலியில் 2013இல் தொடங்கிய நிலையம் நாள்தோறும் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆற்றல் உடையது. இவை யாவும் வேதியியலும் இயற்பியலும் அன்றி வேறென்ன? இவற்றின் மதிற்சுவருக்கு வெளியே வாழும் நம் பிள்ளைகள் உள்ளே புகுவது காவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் மட்டுமா?

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதிக்கிறது. ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் நிகர இலாபம் ஈட்டும் நிறுவனமும் இவ்விதியின்கீழ் வரும். கல்வி அப்பணிகளுள் ஒன்று. அழகப்பர் மனம் இசைந்து கொடுத்ததை இன்று சட்டமே கேட்கிறது. ஆதலால் நாம் கேட்பது பிச்சையன்று.

ஆயின் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு நிறுவனத்தார் எங்கள் பள்ளிக்கு உதவ வந்தனர். நான் பியூரெட், தராசு, நுண்ணோக்கி, ஆய்வக உதவியாளர் ஒருவருக்கு ஓராண்டு ஊதியம் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்தேன். வந்தவை புத்தகப் பைகள். சுவருக்கு வண்ணமும் பூசினார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள். பைகள் இரண்டே ஆண்டுகளில் கிழிந்தன. பட்டியல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. குறை அவர்களிடம் மட்டும் இல்லை. நான் தனி ஒருவனாகச் சென்று கேட்டேன். சங்கமாகச் சென்று, வேண்டியது இதுவே என்று எழுத்தில் கொடுத்து, அடுத்த ஆண்டும் சென்று கணக்குக் கேட்டிருக்க வேண்டும்.

எனவே வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கம் மூன்று செயல்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதலாவது, நம் பகுதி அரசுப் பள்ளிகளில் பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூடங்களைக் கணக்கெடுத்து, ஒரு கூடத்துக்கு ஒரு நிறுவனம் என்று பொறுப்பேற்கச் செய்தல். இரண்டாவது, மேனிலை வகுப்பில் அறிவியல் எடுக்கும் நம் மாணவ மாணவியரை ஆண்டுதோறும் கிண்டிக்கும் கல்பாக்கத்துக்கும் அழைத்துச் சென்று காட்டுதல். கண்ணால் கண்ட இடத்துக்குச் செல்லக் கால் அஞ்சாது. மூன்றாவது, நிறுவனங்களில் பணிபுரியும் நம் இளைஞர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாணவரின் கல்லூரி முதலாண்டுக்குத் துணை நிற்றல். கட்டணத்தை அரசு ஏற்றாலும் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தடுமாறித் திரும்புவோர் அவ்வாண்டில்தான் மிகுதி.

இளைஞர்களே! அழகப்பர் நம் குலத்தவர் அல்லர். நமக்கென்று தனியாகக் கொடுத்தவரும் அல்லர். ஆனால் அவர் அறிவியலுக்கென்று கட்டிய வீட்டில் நமக்கும் பங்கு உண்டு. நம் பாட்டன்மார் தோலையும் உப்பையும் நூலையும் தம் கைகளால் அறிந்தவர்கள். அவற்றின் அறிவியல் நமக்கு அயலானதன்று. உன்னால் இயலாது என்று எவரேனும் அன்பான குரலில் சொன்னாலும், என்னைப்போல் திரும்பிவிடாதீர்கள். பூட்டைத் திறக்கச் சொல்லி நில்லுங்கள். உங்களோடு நிற்பதற்கு இச்சங்கம் இருக்கிறது.

வாழ்க வள்ளல் அழகப்பர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!